எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பு: வரிக்கழிவு கை நழுவாமல் கணக்கை நடத்துவது எப்படி

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம் வந்துவிட்டால், வருமான வரிப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிச் சிலர் என்னிடம் வருவார்கள். பிள்ளைகளுக்கு எஸ்எஸ்பிஎன் கணக்கு இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலோர் இருக்கிறது என்பார்கள். சென்ற ஆண்டில் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்கும். போட்டது நினைவில் இருக்கும், எடுத்தது இருக்காது. இந்தத் திட்டத்தின் வரிச்சலுகை முழுவதும் போட்டதற்கும் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் மீதுதான் நிற்கிறது என்பதால், கணக்கைத் திறப்பதைவிட அதை நடத்தும் விதத்தையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

எஸ்எஸ்பிஎன் எனப்படும் தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டத்தை நடத்துவது, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன். கடன் கொடுக்கும் நிறுவனமாகவே நம்மில் பலர் அதை அறிவோம். சேமிப்புத் திட்டம் 2004இல் வந்தது. போட்ட பணத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கிறது, ஆண்டுதோறும் கிடைக்கும் ஈவுத்தொகைக்கு வரி கிடையாது. பிள்ளையின் பெயரில் பெற்றோர் சேமிக்கும் தொகைக்கு வருமான வரிக்கழிவும் உண்டு; அதாவது வரி கணக்கிடுமுன் அத்தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழிவின் உச்சவரம்பு 2007இல் 3,000 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2012இல் 6,000 ஆகி, 2019இல் 8,000 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. இது நிரந்தரச் சலுகை அன்று. வரவு செலவுத் திட்டத்தில் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை நீட்டித்திருக்கிறது. ஆகவே ஒவ்வோர் அக்டோபரிலும் பட்ஜெட் உரையில் இந்த ஒரு வரியையாவது கவனித்துக் கேட்பது நல்லது.

கணக்கு திறப்பது எளிது. சேமிப்பவரின் மைகார்டு அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது சிறுவர் அடையாள அட்டையான மைகிட், முதல் வைப்பாக 20 ரிங்கிட் ஆகியவற்றோடு பிடிபிடிஎன் கிளைக்குச் சென்றால் போதும்; கைப்பேசியில் மைபிடிபிடிஎன் செயலி வழியாகவும் திறக்கலாம். பிற்காலத்தில் பிள்ளை பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், எஸ்எஸ்பிஎன் கணக்கு இருப்பது அதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. கடைசி நேரத்தில் அதற்காக ஓடுவதைவிடக் குழந்தை தவழும்போதே திறந்து வைப்பது மேல்.

யார் பெயரில் சேமிப்பது என்பதுதான் முதலில் எடுக்க வேண்டிய முடிவு. பிள்ளை பயனாளி, பெற்றோரில் ஒருவர் சேமிப்பாளர். வரிக்கழிவு சேமிப்பாளராகிய பெற்றோருக்கு உரியது. பல வீடுகளில், கிளைக்குப் போக நேரம் கிடைப்பவர் அம்மா என்பதாலேயே அம்மாவின் பெயரில் கணக்கு திறக்கப்படுகிறது. அதனால் எவ்வளவு இழக்கிறோம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பராக இருக்கும் அப்பாவுக்கு மாதம் 6,000 ரிங்கிட் சம்பளம், அதாவது ஆண்டுக்கு 72,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் கழிவு 9,000, ஊழியர் சேமநிதிக்கு 4,000, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கு 350, பள்ளி செல்லும் இரு பிள்ளைகளுக்கு 4,000 ஆகியவற்றைக் கழித்தால், வரி விதிக்கத்தக்க வருமானம் 54,650 ரிங்கிட் ஆகிறது. முதல் 50,000க்கு வரி 1,500 ரிங்கிட். அதற்கு மேலுள்ள 4,650க்கு 11 விழுக்காடு, அதாவது 511 ரிங்கிட் 50 காசு. மொத்தம் 2,011 ரிங்கிட் 50 காசு. அவர் எஸ்எஸ்பிஎன்னில் 8,000 சேமித்திருந்தால் வருமானம் 46,650 ஆகக் குறைந்து வரி 1,299 ரிங்கிட்டில் நின்றுவிடும். மிச்சம் 712 ரிங்கிட் 50 காசு.

அதே வீட்டில் அம்மா எழுத்தராக மாதம் 3,500 ரிங்கிட் வாங்குகிறார். பிள்ளைகளுக்கான கழிவை அப்பாவே எடுத்துக்கொண்டதால் அம்மாவுக்குத் தனிநபர் கழிவும் சேமநிதியும் சொக்சோவும்தான். அவற்றைக் கழித்தபின் மிஞ்சுவது ஏறத்தாழ 28,700 ரிங்கிட். அதற்கு வரி 411 ரிங்கிட். வரி விதிக்கத்தக்க வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் வரித் தள்ளுபடி உண்டு என்பதால், அவர் உண்மையில் கட்ட வேண்டியது 11 ரிங்கிட் மட்டுமே. இந்த அம்மா தம் பெயரில் 8,000 ரிங்கிட் சேமித்தால் அவருக்கு மிச்சமாவது அந்தப் பதினோரு வெள்ளிதான். ஒரே வீட்டுப் பணம், ஒரே பிள்ளை. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதில் எழுநூறு ரிங்கிட் வேறுபாடு.

இதே 35,000 ரிங்கிட் எல்லையை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். ஒருவரின் வரி விதிக்கத்தக்க வருமானம் 40,000 என்றால் வரி 900 ரிங்கிட். அவர் 8,000 சேமித்தால் வருமானம் 32,000 ஆகி, வரி 510 ஆகக் குறைவதோடு, எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டதால் 400 ரிங்கிட் தள்ளுபடியும் கிடைத்து, கட்ட வேண்டியது 110 ரிங்கிட் ஆகிவிடும். மிச்சம் 790 ரிங்கிட். மேலே சொன்ன 72,000 ரிங்கிட் சம்பளக்காரருக்குக் கிடைப்பதைவிட இது கூடுதல். நடுத்தரச் சம்பளக்காரர்கள் 'இதெல்லாம் பணக்காரர்களுக்கு' என்று ஒதுங்குவதற்கு முன் தங்கள் சென்ற ஆண்டுப் படிவத்தை எடுத்து, வரி விதிக்கத்தக்க வருமானம் எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்ப்பது அவசியம். வரி விதிக்கத்தக்க வருமானம் 70,000ஐத் தாண்டியவருக்கு அத்தொகைக்கு மேல் 19 விழுக்காடு என்பதால், அவர் இருவரில் யார் பெயரில் சேமிப்பது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. கணவன், மனைவி இருவரும் நல்ல வருமானமுள்ளவர்களாகித் தனித்தனியே வரி மதிப்பீடு செய்பவர்களாக இருந்தால், இருவரும் தத்தம் கணக்கில் சேமித்து ஆளுக்கு 8,000 வரை கோரலாம். கூட்டு மதிப்பீடு என்றால் மொத்தமே 8,000தான்.

தாத்தா, பாட்டி, தாய்மாமன் போட்ட பணத்துக்கு அவர்கள் கழிவு கோர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்குப் பாட்டி பேரனுக்கு ஐந்நூறு வெள்ளி கொடுக்க விரும்பினால், அதை மகன் கையில் கொடுத்து, மகன் தம் கணக்கில் போடுவதே முறை.

இனி நிகரச் சேமிப்புக்கு வருவோம். சட்டம் பார்ப்பது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நீங்கள் போட்ட மொத்தத்தில், அதே காலத்தில் எடுத்த மொத்தத்தைக் கழித்து வரும் தொகையை மட்டும்தான். முந்தைய ஆண்டு இருப்பு எவ்வளவு என்பது கணக்கில் வராது. இந்த ஒரு விதியிலிருந்து பல விளைவுகள் பிறக்கின்றன.

மார்ச்சில் 8,000 போட்டுவிட்டு, நவம்பரில் கூரை ஒழுகியதால் 3,000 எடுத்து, டிசம்பர் போனஸ் வந்ததும் அந்த 3,000ஐத் திரும்பப் போட்டால் பாதிப்பில்லை; போட்டது 11,000, எடுத்தது 3,000, நிகரம் 8,000. அதே 3,000ஐ ஜனவரியில் திரும்பப் போட்டால், சென்ற ஆண்டின் கழிவு 5,000 ஆகக் குறைந்துவிடும். அது புதிய ஆண்டின் சேமிப்பாகக் கணக்கிடப்படும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஆண்டுக்கும் வரம்பு 8,000 ரிங்கிட்தானே. ஆகவே அவசரத்துக்கு எடுத்த பணத்தை டிசம்பருக்குள் திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்று தெரிந்தால், எடுப்பதையே ஜனவரி வரை தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று, தொழிற்சாலைகளில் வாய்வழியாகப் பரவும் ஓர் உத்தி: டிசம்பர் இறுதியில் 8,000 ரிங்கிட் போட்டுக் கழிவை வாங்கிக்கொண்டு, ஜனவரியில் முழுவதையும் எடுத்துவிடுவது. முதல் ஆண்டு அது பலிக்கும். ஆனால் ஜனவரியில் எடுத்த 8,000 இரண்டாம் ஆண்டுக் கணக்கில் கழிந்து நிற்பதால், அந்த டிசம்பரில் மீண்டும் 8,000 போட்டால் நிகரம் சுழியம். கழிவு வேண்டுமானால் 16,000 போட்டாக வேண்டும். மூன்றாம் ஆண்டு ஜனவரியில் அந்த 16,000ஐயும் எடுத்தால், டிசம்பரில் 24,000 தேவைப்படும். பிறகு கடன் வாங்கித்தான் வரி மிச்சப்படுத்த வேண்டியிருக்கும். பிள்ளையின் படிப்புக்கென்று வைத்த பணத்தை ஆண்டுதோறும் இப்படி ஏற்றி இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உடன்பாடு உள்ளவர்களுக்கும் இரண்டாம் ஆண்டிலேயே கணக்கு இடிக்கும்.

எப்போது போடுவது என்பதில் என் அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் 31 இரவு இணைய வங்கி வழியே அனுப்பிய தொகை, எஸ்எஸ்பிஎன் கணக்கில் ஜனவரித் தேதியோடுதான் பதிவானது. வங்கியின் ரசீதில் டிசம்பர், சேமிப்பு அறிக்கையில் ஜனவரி. அறிக்கையில் உள்ளதைத்தான் ஏற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு டிசம்பர் 20ஐத் தாண்டி நான் எதையும் விட்டு வைப்பதில்லை. மாதம் 666 அல்லது 667 ரிங்கிட் என்று மாதந்தோறும் தானாகச் செலுத்தும்படி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்து வைத்தால் ஆண்டுக்கு 8,000 ஆகிவிடும். அவ்வளவு இயலாதவர்கள் மாதம் இருநூறோ முந்நூறோ ஒதுக்கிவிட்டு, போனஸ் வரும்போது இயன்றதைச் சேர்க்கலாம். முழு 8,000 போட்டால்தான் பயன் என்பதில்லை. போட்ட அளவுக்குக் கழிவு உண்டு. மாறாக, ஓர் ஆண்டில் 8,000க்கு மேல் போடும் தொகைக்கு அந்த ஆண்டில் கழிவு இல்லை, அடுத்த ஆண்டுக்கும் அது கொண்டு செல்லப்படாது. ஆகவே டிசம்பரில் வரம்பை எட்டியவர் மிச்சப் பணத்தைச் சில வாரம் கையில் வைத்திருந்து ஜனவரியில் போடுவதே சரி.

சேமிப்பு வகைகள் இரண்டு: முன்பு எஸ்எஸ்பிஎன்-ஐ என்று அழைக்கப்பட்ட எஸ்எஸ்பிஎன் பிரைம், தக்காஃபுல் எனும் இஸ்லாமிய முறைக் காப்புறுதியோடு சேர்ந்து வரும் எஸ்எஸ்பிஎன் பிளஸ். பிளஸ் வகையில் மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை செலுத்த வேண்டும். குறைந்தது 30 ரிங்கிட். சேமிப்பவர் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ குடும்பத்துக்குக் காப்புத்தொகை கிடைக்கும். வேறு ஆயுள் காப்புறுதி எதுவும் இல்லாத இளம் பெற்றோருக்கு இது பொருத்தமானது. ஆனால் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி காப்புறுதிக்குப் போவதால், அது முழுவதையும் கல்விச் சேமிப்பாகப் படிவத்தில் எழுதிவிடக் கூடாது. அறிக்கையில் சேமிப்பு என்று தனியே காட்டப்படும் தொகைதான் இந்த 8,000க்குள் வரும். ஏற்கெனவே காப்புறுதி உள்ளவர்களுக்குப் பிரைம் போதும் என்பது என் கருத்து. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, சேமித்த அளவுக்கு ஈடாக அரசு தரும் மானியமும் இத்திட்டத்தில் இருக்கிறது. வருமான வரியே கட்டாதவர்கள் எஸ்எஸ்பிஎன் நமக்கு எதற்கு என்று எண்ணாமல், கிளைக்குப் போகும்போது சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டு சென்று இந்த மானியத்துக்கான தற்போதைய வருமான வரம்பைக் கேட்க வேண்டும்.

படிவம் நிரப்பும்போது ஏற்படும் குழப்பங்கள் பெரும்பாலும் பெயர்க் குழப்பங்களே. 18 வயதைத் தாண்டி டிப்ளோமாவோ அதற்கு மேலோ முழுநேரமாகப் படிக்கும் பிள்ளைக்குரிய 8,000 ரிங்கிட் கழிவு வேறு, எஸ்எஸ்பிஎன் 8,000 வேறு. தகுதியிருந்தால் இரண்டையும் கோரலாம். கல்வி, மருத்துவக் காப்புறுதிக்கான கழிவு மூன்றாவது ஒன்று. காப்புறுதி முகவர் 'கல்வித் திட்டம்' என்று சொல்லி விற்றதை எஸ்எஸ்பிஎன் பெட்டியில் எழுதி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பளக்காரர்களுக்குரிய பிஇ படிவத்தை நிரப்புமுன், மைபிடிபிடிஎன்னிலிருந்து அந்த ஆண்டுக்கான அறிக்கையைப் பதிவிறக்கி, அதிலுள்ள நிகரத் தொகையை மட்டும் எழுதுங்கள். அந்த அறிக்கையை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வரி வாரியம் பிறகு கேட்டால் காட்ட வேண்டியது அதுவே. மாதாமாதம் சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படுபவர்கள், டிபி1 படிவத்தை முதலாளியிடம் கொடுத்து, எஸ்எஸ்பிஎன் சேமிப்பைக் கணக்கில் கொண்டு அந்த மாதங்களிலேயே பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லலாம். பிடித்த வரியைப் பின்னால் திரும்பப் பெறக் காத்திருப்பதை இது தவிர்க்கும்.

அமெரிக்காவில் குடியேறிய உறவினர்கள் அங்குள்ள 529 எனும் கல்விச் சேமிப்புத் திட்டத்தைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்டு, அதே இலக்கணத்தை இங்கும் பொருத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே மாநிலங்கள் நடத்தும் அத்திட்டத்தில், போடும் பணத்துக்கு நடுவண் அரசின் வரியில் கழிவு கிடையாது. பல மாநிலங்கள் தங்கள் மாநில வரியில் கழிவு தருகின்றன. பணம் வளர்ந்து கல்விக்காக எடுக்கப்படும்போதுதான் வளர்ச்சிக்கு வரியில்லை என்ற பலன் வருகிறது. வேறு செலவுக்கு எடுத்தால் வளர்ச்சித் தொகைக்கு வரியும் 10 விழுக்காடு தண்டமும் உண்டு. இங்கே பலன் போடும்போதே கிடைக்கிறது, எடுக்கும்போது தண்டம் இல்லை. புளோரிடா போன்ற சில மாநிலங்களில் பல்கலைக்கழகக் கட்டணத்தை இன்றைய விலைக்கே முன்கூட்டிக் கட்டி வைக்கும் திட்டமும் உண்டு. எஸ்எஸ்பிஎன் அப்படிப்பட்டதன்று, கட்டணம் உயர்ந்தால் அந்த உயர்வு நம் தலையில்தான். ஆகவே ஆண்டுக்கு 8,000 என்ற வரம்பை எட்டியபின் மேலும் சேமிக்க இயன்றவர்கள், அந்த மிகுதியை ஊழியர் சேமநிதியில் தன்விருப்பச் சந்தாவாகவோ அமானா சஹாம் மலேசியா எனும் கூட்டு முதலீட்டு நிதியின் பங்குகளிலோ வைப்பதை எண்ணிப் பார்க்கலாம். சேமநிதியில் செஜாத்ரா என்னும் உட்கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்க வழியுண்டு, ஆனால் போடுவதில் 15 விழுக்காடுதான் அந்தக் கணக்குக்குப் போகும், 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கில் பூட்டப்படும் என்பதை அறிந்து செய்ய வேண்டும்.

கடைசியாக, பிள்ளை பல்கலைக்கழகம் சேர்ந்தபின் பணத்தை எடுக்கும் முறை. பதினெட்டு ஆண்டு ஒழுங்காகச் சேமித்தவர்கள்கூடத் தவறவிடும் இடம் இது.

ஒரு தந்தையின் கணக்கில் 60,000 ரிங்கிட் இருக்கிறது. மகள் 2025 செப்டம்பரில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்கிறாள், கட்டணம் ஆண்டுக்கு 15,000 ரிங்கிட் என்று கொள்வோம். வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருப்பதால் அவர் தொடர்ந்து ஆண்டுக்கு 8,000 சேமித்து வருகிறார். 2025, 2026, 2027 என ஆண்டுக்கு 15,000 எடுத்தால் மூன்று ஆண்டுகளிலும் எடுத்தது போட்டதைவிட அதிகம். மூன்று ஆண்டுகளிலும் கழிவு இல்லை. மாறாக, மூன்று ஆண்டுக் கட்டணமான 45,000ஐயும் 2025லேயே எடுத்து வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டுவிட்டால், கழிவை இழப்பது 2025 என்ற ஓர் ஆண்டில் மட்டுமே. நிகரம் எதிர்மறையாகப் போனாலும் முன்பு பெற்ற கழிவைத் திருப்பிக் கேட்பதில்லை. அந்த ஆண்டுக் கழிவு சுழியம், அவ்வளவுதான். 2026லும் 2027லும் எதையும் எடுக்காமல் தலா 8,000 போட்டால் இரு ஆண்டுகளிலும் முழுக் கழிவு உண்டு. 11 விழுக்காட்டு வரம்பில் உள்ளவருக்கு அது ஆண்டுக்கு 880 ரிங்கிட் வரை, 19 விழுக்காட்டு வரம்பில் உள்ளவருக்கு 1,520 ரிங்கிட் வரை. நிரந்தர வைப்பின் வட்டி எஸ்எஸ்பிஎன் ஈவைவிடச் சற்றுக் குறைந்தாலும் இந்த மிச்சம் அதை ஈடுகட்டிவிடும். தனிநபர்க்கு அந்த வட்டிக்கும் வரி கிடையாது.

எடுப்பதென்று முடிவுசெய்த ஆண்டில், அந்த ஆண்டுக்கான 8,000ஐப் போடுவதற்கு முன்பே இதனைத் தீர்மானித்துவிட வேண்டும். கழிவு எப்படியும் கிடைக்காத ஆண்டில் புதிதாகப் போடுவதில் வரிப் பயன் இல்லை. அந்த 8,000ஐ நேரே முதல் தவணைக் கட்டணத்துக்குக் கட்டிவிட்டு, கணக்கிலிருந்து எடுக்கும் தொகையை அவ்வளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பெற்றோர் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும் வீட்டில், கட்டணத்தை ஒருவர் கணக்கிலிருந்தே முழுவதும் எடுத்து மற்றவர் கணக்கைத் தொடாமல் விட்டால், தொடாதவரின் கழிவு அந்த ஆண்டிலும் தப்பும். கழிவால் மிச்சமாகும் வரி யாருக்குக் குறைவோ அவரின் கணக்கிலிருந்து முதலில் எடுங்கள்.